ஐந்தாம் அத்தியாயம்: ஜூபிடர்-8, அசலும் அதன் மறுபிறவிகளும்

புதுச்சேரியின் கடற்கரைச் சாலையிலிருந்து இரண்டு தெரு உள்ளே தள்ளி, மஞ்சள் பூசிய பழைய வீடொன்றின் மாடியறையில், பிரெஞ்சு ராணுவத்தில் சேவை முடித்து ஓய்வூதியத்தோடு ஊர் திரும்பிய ஒரு 'சொல்தா'வின் குமாரரான என் நண்பர் மார்செய் நகரத்திலிருந்து கப்பலேற்றிக் கொண்டுவந்து வைத்திருந்த ரோலண்ட் ஜூபிடர்-8 என்னும் மின்வாத்தியத்தை நான் முதன்முதலாகக் கண்டபோது, அதன் நாதம் என் காதில் விழுவதற்கு முன்பே, அதன் பின்புறத்துத் திருகாணிகளில் பூத்திருந்த துரு என் கண்ணில் பட்டுவிட்டது. நண்பர் அதன்மேல் போர்த்தியிருந்த பருத்தித் துணியை, சுவாமி படத்துக்குச் சாத்திய வஸ்திரத்தைக் களைவதுபோல மெதுவாக விலக்கி, மின்சாரத்தைக் கொடுத்து, அது தன்னைத் தானே சுருதி சேர்த்துக்கொள்ளும்வரை சற்றுப் பொறுக்கச் சொல்லி, பிறகு ஷட்ஜத்தை அழுத்தினார். கோயில் கர்ப்பக்கிருஹத்தில் மணியடித்து ஓய்ந்த பின்னும் சுவர்களில் தங்கியிருக்கும் ரீங்காரம்போல அறை முழுவதும் நாதம் நிறைந்தது. ஆனால் விரல்கள் மேலேறிப் பஞ்சமத்தைத் தொட்டதும் ஒன்றும் கேட்கவில்லை. அந்த ஒரு கட்டை மட்டும் ஊமையாக இருந்தது. ஃபில்டரின் நெம்பியை நகர்த்தியபோதும், ஓசை படிப்படியாக விரிவதற்குப் பதில் தவளைபோலக் குதித்துக் குதித்துச் சென்றது.

"உள்ள எல்லாம் உசுரோடதான் இருக்கு சார். உப்புக் காத்துதான் வெளியில இருந்து தின்னுகிட்டு வருது" என்றார், முத்தியால்பேட்டையிலிருந்து வந்து அதைத் திறந்து பார்த்த மெக்கானிக்.

இந்த அத்தியாயத்தில் நான் சொல்லவிருக்கும் யோசனைகள் யாவும் அன்று அந்த மாடியறையில் பிறந்தவையே. பழைய அனலாக் வாத்தியமொன்றின்மீது ஆசை கொண்ட நம்மூர் ரசிகர், தாம் அடைய விரும்புவது அந்தப் பெட்டியையா, அதன் நாதத்தையா, அல்லது ஒரு ஸ்வரத்திலிருந்து மற்றொரு ஸ்வரத்துக்கு இழைந்து செல்வதற்கு அது தரும் வசதியையா என்பதைப் பணப்பையைத் திறப்பதற்கு முன் தமக்குள் நிச்சயித்துக்கொள்ள வேண்டும். பெட்டியை நேசிப்பவருக்கு அசல் ஒன்றுதான் கதி. நாதத்தையும் இழைவையும் நாடுகிறவருக்கோ, அதிலும் கடலோரத்தில் வசிக்கிறவருக்கு, மறுபிறவிகளே மேல் என்பது என் துணிபு.

முதலில் வாத்தியத்தின் லக்ஷணத்தைப் பார்ப்போம். இகுதாரோ ககெஹாஷி 1972-ல் தொடங்கிய ஜப்பானிய ரோலண்ட் நிறுவனம் இதை 1981-ல் வெளியிட்டது. 61 கட்டைகளும், ஒரே சமயத்தில் எட்டு ஸ்வரங்கள் ஒலிக்கும் ஆற்றலும், 64 அமைப்புகளை நினைவில் வைத்திருக்கும் சக்தியும், 22 கிலோ எடையும் கொண்டது. எட்டுக் குரல்களில் ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஆஸிலேட்டர்களாக, நாதத்தின் மூலஸ்தானங்கள் 16. ஆஸிலேட்டர் என்பது மின்சாரத்தை ஒரு கிரமத்தில் அலைய விடும் சுற்று. அந்த அலை ரம்பத்தின் பல்போல இருந்தால் ஓசை காரமாகவும், சதுரமாக இருந்தால் உள்ளே குடைந்த மரக்குழல்போலவும் கேட்கும். அந்தக் காரத்தை வேண்டிய அளவுக்கு இறுத்து மென்மையாக்குவது ஃபில்டர். நாதம் எவ்வளவு வேகமாக எழுந்து, எவ்விதம் தாழ்ந்து, எந்த மட்டத்தில் நின்று, விரலை எடுத்த பின் எப்படி அடங்க வேண்டும் என்ற நான்கையும் விதிப்பது என்வலப். வீணையின் மீட்டுக்கும் நாதஸ்வரத்தின் ஊதலுக்கும் உள்ள வேற்றுமையில் பெரும்பகுதி இந்தக் கடைசி விஷயத்தில் அடங்கியிருக்கிறது என்பதை, என்வலப்பின் முதல் நெம்பியை மேலும் கீழும் இரண்டு முறை நகர்த்திக் கேட்பவர் எவரும் உணர்வார்.

இந்த ஆஸிலேட்டர்களின் சுருதி மின்னழுத்தத்தால் ஆளப்படுவது. அந்த அழுத்தத்தைச் சுருதியாக மாற்றும் டிரான்சிஸ்டர்களோ உஷ்ணம் ஏறினாலும் இறங்கினாலும் தடம் மாறும் இயல்புடையவை. ஆகையால் பதினாறும் ஒரே ஸ்வரத்தைச் சொல்லும்போதும் அவற்றுக்குள் மயிரிழையளவு பேதம் இருந்துகொண்டே இருக்கிறது. அந்தப் பேதமும் நிமிஷத்துக்கு நிமிஷம் மாறுகிறது. நான்கு தம்புராக்களை ஒரே அறையில் மீட்டும்போது உண்டாகும் சுகத்துக்கு எது காரணமோ அதுவே இதற்கும் காரணம். ரசிகர்கள் 'அனலாக் கதகதப்பு' என்று கொண்டாடுவது இந்தச் சிறு பிசகைத்தான். ஆனால் பிசகு சிறிதாக இருக்கும்வரை அது அழகு. சித்திரை வெயிலில் மின்விசிறியும் நின்றுபோன அறையில் அது பெரிதாகும்போது சுருதிப் பெட்டியோடு சண்டை பிடிக்கும். ஜூபிடரில் தானாகச் சுருதி சேர்க்கும் பொத்தானொன்று இருப்பதன் தாத்பரியம் இதுதான்.

இந்த யந்திரத்துக்கும் நமது சங்கீதத்துக்கும் சம்பந்தம் ஏது என்று கேட்பவர்களுக்கு, சம்பந்தம் நாம் எண்ணுவதைவிடப் பழையது என்று சொல்லுவேன். பிரான்ஸில் கான்ஸ்டன்ட் மார்ட்டின் என்பவர் 1947-ல் அமைத்த கிளாவியோலின் என்னும் சிறு மின்வாத்தியத்தைக் கொண்டுதான், 1954-ல் வெளிவந்த 'நாகின்' இந்திப் படத்தில், பாரதமெங்கும் ஒலித்த அந்த மகுடி ஓசையைக் கல்யாண்ஜி எழுப்பினார். புதுச்சேரியின் நிர்வாகம் பிரெஞ்சுக்காரர் கையிலிருந்து இந்தியாவுக்கு மாறியதும் அதே 1954-ல்தான் என்பதை ஊர்ப்பற்றின் காரணமாக இங்கே குறித்து வைக்கிறேன். 1969-ல் அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்துக்கு அமெரிக்க இசைவாணர் டேவிட் டியூடர் மூக் என்னும் மின்வாத்தியமொன்றைக் கொண்டுவந்து நிறுவ, கீதா சாராபாய் முதலியோர் அதில் ஒலிநாடாக்களைப் பதிவு செய்தார்கள். பல்லாண்டுகள் உறங்கிக் கிடந்த அந்த நாடாக்கள் 2023-ல்தான் இசைத்தட்டாக வெளிவந்தன. கோடம்பாக்கத்திலோ, இசையமைப்பாளர் ஆர். கே. சேகர் 1976-ல் காலமான பின், அவர் சேர்த்து வைத்திருந்த வாத்தியங்களை வாடகைக்கு விட்டு அவர் குடும்பம் காலந்தள்ளியது. அந்தக் குடும்பத்துப் பிள்ளைதான் ஏ. ஆர். ரஹ்மான்.

எனினும் ஜூபிடர்-8 என்றவுடன் நாம் கைகூப்ப வேண்டியவர் பம்பாயில் திரைப்பட வாத்தியக் குழுக்களில் வாசித்துவந்த சரண்ஜித் சிங். அவர் 1982-ல் ஜூபிடர்-8, டிபி-303 என்னும் பேஸ் யந்திரம், டிஆர்-808 என்னும் தாள யந்திரம் ஆகிய மூன்று ரோலண்ட் கருவிகளை மட்டும் வைத்துக்கொண்டு, பத்து ஹிந்துஸ்தானி ராகங்களை டிஸ்கோ தாளத்தில் அமைத்து ஒரு இசைத்தட்டைப் பதிவு செய்தார். அக்காலத்தில் அதைச் சீந்துவார் இல்லை. டிபி-303-ஐ முறுக்கிப் பிழிந்து சிகாகோ நகரத்து இளைஞர்கள் 'ஆஸிட் ஹவுஸ்' என்னும் நடன இசையை 1987-ல் உலகுக்கு அளித்தபோதும், அதே ஓசை ஐந்தாண்டுகளுக்கு முன்பே பம்பாயில் பைரவ் ராகத்திலும் லலித்திலும் ஒலித்துவிட்டது என்பதை அறிந்தவர் இல்லை. 2010-ல் ஒரு டச்சுக்காரர் அதை மறுபதிப்புச் செய்த பின்புதான் மேல்நாட்டார் மூக்கின்மேல் விரல் வைத்தார்கள். சரண்ஜித் சிங் 2015-ல் மறைந்தார்.

வாசகர் எந்தக் கருவியையும் வாங்குவதற்கு முன் அந்தத் தட்டை ஒரு முறை முழுவதும் கேட்க வேண்டும் என்பது என் முதல் விதி. அதிலுள்ள பூபாலி நமது மோகனம்; மால்கௌன்ஸ் நமது ஹிந்தோளம்; யமன் ஏறக்குறையக் கல்யாணி; கலாவதி வலஜி. தோடி என்று போட்டிருப்பது மாத்திரம் நமது தோடி அல்ல, சுபபந்துவராளியை ஒட்டியது. கேட்கும்போது தாளத்தையும் பேஸையும் மனத்தால் ஒதுக்கிவிட்டு, மேலே செல்லும் ஜூபிடரின் குரல் ஒரு ஸ்வரத்தை விட்டு அடுத்ததை அடையும் அந்தக் கணத்தை மட்டும் கவனியுங்கள்.

ஏனெனில் நமக்கு வழக்கு அங்கேதான். கட்டை வைத்த வாத்தியங்களின்மேல் நம் முன்னோர்க்கு இருந்த மனஸ்தாபம் அற்பமானதன்று. அகில இந்திய வானொலி 1940-ல் ஹார்மோனியத்தை விலக்கிவைத்தது, 1971-ல்தான் தளர்த்தியது. கமகத்தைக் காட்ட இயலாத வாத்தியம் ராகத்தின் எலும்பைக் காட்டுமேயன்றி உயிரைக் காட்டாது என்பது அன்றைய குற்றச்சாட்டு. சிந்தசைஸர் என்னும் இவ்வகை மின்வாத்தியத்தில் அந்தக் குறை பாதியளவு தீர்ந்திருக்கிறது. போர்ட்டமென்டோ என்னும் இழைவுத் திருகைச் சிறிது திறந்தால் ஸ்வரங்கள் ஜாருபோல ஒன்றையொன்று தழுவிச் செல்கின்றன. இடக்கைப் பக்கத்திலுள்ள பெண்டர் நெம்பியை அசைத்தால் நின்ற ஸ்வரம் வளைகிறது; அது எவ்வளவு தூரம் வளைய வேண்டும் என்பதையும் ஜூபிடரில் நாமே வரையறுக்கலாம். ரஹ்மான் 'டெல்லி-6' படத்தின் 'ரெஹ்னா து' பாடலின் இறுதியில் ஹேக்கன் கன்டின்யுவம் என்னும், கட்டைகளே இல்லாத தொடுபலகையை வாசித்திருப்பதைக் கேட்டவர்களுக்கு, இந்தத் திசையில் இன்னும் எவ்வளவு தூரம் போகலாம் என்பது விளங்கும். ஆகவே மறுபிறவிகளைச் சோதிக்கும்போது, 'அசலின் ரம்ப அலை அப்படியே இருக்கிறதா?' என்று மேல்நாட்டார் கேட்கும் கேள்வியை இரண்டாவதாக வைத்துக்கொண்டு, 'இதில் காந்தாரத்தை அசைக்க முடிகிறதா?' என்பதை முதற்கேள்வியாகக் கேளுங்கள்.

இனி அந்த மறுபிறவிகள். மூக் நிறுவனம் தனது மினிமூக்கை 2016-லும் 2022-லும் பழைய முறையிலேயே மீண்டும் செய்து விற்றதைப்போல ரோலண்ட் செய்யவில்லை. பழைய சுற்றின் ஒவ்வொரு உறுப்பும் எப்படி நடந்துகொள்ளும் என்பதைக் கணக்காக எழுதி, டிஜிட்டல் முறையில் பாவனை செய்தது. அவ்வகையில் 2015-ல் வந்த ஜேபி-08, ஒரு கனத்த புத்தகமளவு பெட்டி. நான்கு பென்டார்ச் செல்களில் ஓடும். நான்கு குரல்கள்தாம் உண்டு. இரண்டு பெட்டிகளை இணைத்தால் எட்டாகும். இதன் நெம்பிகள் மிகச் சிறியவை, என் போன்ற தடித்த விரலுக்குச் சோதனை. ஆனால் இடப்புறத்தில் விரலால் தடவும் பட்டைகள் இரண்டு இருக்கின்றன. அவற்றுள் சுருதியை ஆளும் பட்டையின்மேல் கட்டைவிரலை வைத்து மோகனக் காந்தாரத்தை நான் லேசாக உருட்டிப் பார்த்தபோது, நெம்பியில் கிட்டாத ஒரு நெளிவு கிட்டியது. பட்டை வீணைத் தந்தியல்ல, ஆயினும் விரலுக்கு நேரே பதில் சொல்லுகிறது. இது இப்போது கைமாறிய பழைய பெட்டியாகத்தான் அகப்படும். 2019-ல் அறிவிக்கப்பட்ட ஜூபிடர்-எக்ஸ் 61 கட்டைகளும், அதன் தம்பியான எக்ஸ்எம் 37 சிறு கட்டைகளும் உடையவை. ஜூபிடர்-8 மட்டுமன்றி ஜூனோ-106 முதலான வேறு பழைய கருவிகளின் பாவனையும் இவற்றில் உண்டு. எக்ஸ்எம்மில் ஒலிபெருக்கியும் உள்ளேயே இருப்பதால், ஜூன் 21-ல் பிரெஞ்சு வழக்கப்படி நம் நகரத்தில் நடக்கும் இசைத் திருநாளன்று தெருவில் நின்று வாசிக்க விரும்புவோர்க்கு அது சௌகரியம். 22 கிலோ அசலைத் தூக்கிக்கொண்டு அந்த வெயிலில் தெருவில் நிற்பதை நான் சத்ருவுக்கும் சிபாரிசு செய்யமாட்டேன்.

மென்பொருள் வடிவங்களில், பிரான்ஸின் கிரெனோபில் நகரத்தில் 1999-ல் தொடங்கிய ஆர்ட்டூரியா நிறுவனத்தின் ஜூப்-8 வி, சுவிட்சர்லாந்தின் டால் நிறுவனத்தின் ஜே-8, ரோலண்டே 'மேகம்' (கிளவுட்) என்னும் இணையச் சேவையின் மூலம் தரும் ஜூபிடர்-8 ஆகிய மூன்றும் குறிப்பிடத்தக்கவை. மூன்றையும் வாங்குவதற்கு முன் சோதித்துப் பார்க்க அனுமதி உண்டு. மாதச் சந்தாவில் கிடைப்பதை வாடகை வீடு என்றே கருதுங்கள். ஒரே தடவை பணம் கட்டிச் சொந்தமாக்கிக்கொள்ளும் வழி இருந்தால் அதைத் தேர்ந்தெடுப்பதே குடும்பஸ்தர் லக்ஷணம். இவற்றில் குரலுக்குக் குரல் உண்டாகும் சிறு சுருதிப் பேதத்தைக் கூட்டவும் குறைக்கவும் வசதி வைத்திருக்கிறார்கள். அசலில் சித்திரை வெயில் செய்கிற காரியத்தை இங்கே ஒரு திருகு செய்கிறது. வேண்டிய அளவில் நிறுத்திவிடலாம் என்பதுதான் வெயிலுக்கும் இதற்கும் உள்ள பேதம். சிந்தசைஸரின் இலக்கணத்தையே இன்னும் கற்காதவர், காசே கொடுக்காமல் விசிவி ராக் என்னும் இலவச மென்பொருளில் ஆஸிலேட்டரையும் ஃபில்டரையும் கம்பி போட்டு இணைத்துப் பழகிய பிறகு இவற்றுக்கு வருவது உத்தமம்.

கம்ப்யூட்டரில் வாசிப்பவர்களின் நித்திய புகார், கட்டையை அழுத்தியதற்கும் ஓசை வருவதற்கும் இடையே உள்ள தாமதம். ஆடியோ இன்டர்ஃபேஸ் என்னும் சிறு பெட்டியொன்றை வாங்கி, 44.1 கிலோஹெர்ட்ஸில் பஃபரை 128 சாம்பிளாக வைத்தால் அது தன் பங்குக்குச் சேர்க்கும் தாமதம் சுமார் 3 மில்லி விநாடிதான். 256 ஆனால் சுமார் 6. கம்ப்யூட்டர் முக்கி முனகிக் கரகரத்தால் 256-க்கு ஏறுங்கள். மத்யம காலத்தில் வாசிப்பவருக்கு அதனால் நஷ்டமில்லை.

அமைப்பு முறைக்கு வருவோம். அசலிலும் அதன் பாவனைகளிலும் குரல்களைப் பங்கிடும் இடத்தில் 'ஸோலோ' என்பதைத் தேர்ந்தெடுங்கள். ராகம் வாசிப்பவருக்கு ஒரு குரலே போதும். இரண்டு ஆஸிலேட்டர்களையும் ரம்ப அலையில் வைத்து, இரண்டாவதை இலேசாக, இரண்டும் சேர்ந்து நிதானமாக ஊசலாடுவது காதுக்குத் தெரியும் அளவுக்கு மட்டும், விலக்குங்கள். ஃபில்டரை 24 டெசிபல் சரிவில் வைத்து நடுவுக்குச் சற்றுக் கீழே மூடுங்கள். என்வலப்பின் எழுச்சி சிறிதும், நிலை உயரமாகவும், அடக்கம் நடுத்தரமாகவும் இருக்கட்டும். இழைவுத் திருகைப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் திறவாதீர்கள். திறந்தால் துரித ஸ்வரங்கள் ஒன்றின்மேல் ஒன்று வழிந்து பாயசமாகிவிடும். பெண்டரின் எல்லை முதலில் இரண்டு அரைஸ்வரங்கள் போதும். பிறகு சுருதிப் பெட்டியை ஒரு கட்டைக்கு வைத்து, வாத்தியத்தின் பொதுச் சுருதித் திருகால் அதனோடு சேர்த்துக்கொண்டு, மோகனத்தைத் தொடங்குங்கள். வலக்கை ரிஷபத்தில் நிற்க, இடக்கை பெண்டரைத் தள்ளிக் காந்தாரத்தைத் தொட்டுத் திரும்புவது முதற்பாடம். அது பத்து நாளாவது சலிக்காமல் நடக்க வேண்டும். அடுத்தது ஹிந்தோளம். தோடியின் காந்தாரத்தையும் கல்யாணியின் மத்யமத்தையும் ஒரு வருஷத்துக்குத் தொடாதீர்கள். அவசரப்பட்டுத் தொட்டு, ஆம்புலன்ஸ் சங்குபோல ஒலித்ததைக் கேட்டு, வாத்தியத்தின்மேல் பழி போட்டவர்களை நான் அறிவேன். அவர்களில் நானும் ஒருவன்.

இவ்வளவும் சொன்ன பிறகும் அசலையே வாங்குவேன் என்று பிடிவாதம் பிடிப்பவர்க்குச் சில வார்த்தைகள். ஜப்பான் சந்தையிலிருந்து வரும் யந்திரம் 100 வோல்ட்டுக்கு அமைந்தது. அதை நம்முடைய 230 வோல்ட்டில் நேரே சொருகினால் புகையோடு கதை முடிந்தது. அந்தக் காலத்தில் மிடி என்னும் இணைப்பு முறை பிறக்கவில்லை. அது 1983-ல் வந்தது. ஆகையால் கம்ப்யூட்டரோடு சேர்க்க வேண்டுமானால் முந்தைய உடைமைக்காரர் மிடி பொருத்தியிருக்கிறாரா என்று கேளுங்கள். 64 அமைப்புகளையும் மறவாமல் காக்கும் பேட்டரி புதிதா என்பதைப் பாருங்கள். பழைய நாளில் அவற்றை ஒலிநாடாவில் பத்திரப்படுத்தும் வழக்கம் இருந்ததால், நாடாவும் கூட வருகிறதா என்று விசாரிப்பதில் தவறில்லை. எட்டுக் குரல்களையும் தனித்தனியே எழுப்பி, ஒவ்வொன்றின் ஃபில்டரும் ஒரேமாதிரி திறந்து மூடுகிறதா என்று காதால் சோதியுங்கள். இதற்கு அரைமணி நேரம் தர மறுக்கும் விற்பனைக்காரரிடம் ஒரு காபியோடு உறவை முடித்துக்கொள்வது நலம்.

வாங்கியதைக் காப்பது அதைவிடப் பெரிய காரியம். கடலைப் பார்த்த ஜன்னல் உள்ள அறை எவ்வளவு ரம்மியமானதானாலும் வாத்தியத்துக்கு ஆகாது. லாஸ்பேட்டையிலோ வில்லியனூரிலோ உறவினர் வீடு இருந்தால் அங்கே குடியேற்றுங்கள். பிளாஸ்டிக் உறையால் இறுக மூடினால் உள்ளிருக்கும் ஈரம் வெளியே போகாது. பருத்தித் துணியும், அதன் அடியில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களும் போதும். ஐப்பசி, கார்த்திகை மழையில் பொட்டலங்களை வாரத்துக்கொரு முறை மாற்றுங்கள். நெம்பிகளுக்குக் கான்டாக்ட் கிளீனர் என்று தனியே விற்பதை மட்டும் உபயோகியுங்கள். கதவுக் கீலுக்கு அடிக்கும் எண்ணெய்த் தெளிப்பானை அடித்துவிட்டால் அதன் பசையில் தூசி சேர்ந்து மெக்கானிக்குக்கு இரட்டிப்பு வேலையாகும். வாரத்தில் ஒரு நாளாவது அரைமணி நேரம் மின்சாரம் கொடுத்து, எல்லா நெம்பிகளையும் மேலும் கீழும் ஒரு தரம் நகர்த்துங்கள். மின்சாரம் போய்ப் போய் வரும் நாட்களில் சொருகியையே பிடுங்கி வையுங்கள்.

என் நண்பர் இப்போது தினசரிப் பழக்கத்துக்கு லேப்டாப்பையே வைத்துக்கொண்டிருக்கிறார். வெள்ளிக்கிழமை மாலைகளில் மட்டும் மாடியேறித் துணியை விலக்குகிறார். மெக்கானிக் கட்டைகளைக் கழற்றி, உள்ளேயிருந்த தொடுமுனைகளைத் துடைத்துச் சென்ற பிறகு பஞ்சமம் பேசத் தொடங்கிவிட்டது; போன வாரம் நான் போயிருந்தபோது, அதற்கு மேலேயுள்ள தைவதம் ஒவ்வொரு தடவையும் சற்றுத் தயங்கிவிட்டே வந்தது.